துப்பாக்கி ஸ்கோப்பின் வில்லைகளுக்கு மூடி வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த மூடி?

ஒன்ராறியோவின் நடுப்பகுதியில் வெள்ளைவால் மான் வேட்டைக்கான துப்பாக்கிக் காலம் பெரும்பாலும் நவம்பர் மாதத்தின் முதற்பாதியில் வருகிறது. காலையில் தூறலாகத் தொடங்குவது நண்பகலில் ஈரப்பனியாக மாறி, பொழுது சாயும் நேரத்தில் கிளைகளில் உறைந்து நிற்கிற காலம் அது. உரிமம் எடுத்து, பயிற்சி வகுப்பு முடித்து, துப்பாக்கியும் அதன் மேல் பொருத்த ஒரு நல்ல ஸ்கோப்பும், அதாவது குறிபார்க்கும் தொலைகாட்டியும், வாங்கிய ஒருவர் கடைசியாக யோசிக்கும் பொருள் அந்த ஸ்கோப்பின் இரு முனைகளுக்குமான மூடி. பல ஸ்கோப்புகளோடு பெட்டியிலேயே ஏதோ ஒரு மூடி வருகிறது. அது முதல் நாளிலேயே தொலைந்தும் போகிறது. அதன் பிறகு காசு கொடுத்து வேறொன்று வாங்குவது பயனுள்ளதா, அல்லது ஸ்கோப்பை வெறுமனே விட்டுவிடலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மூடி எதிலிருந்து காப்பாற்றுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் பிழையான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். கிளை குத்தி வில்லை உடைந்துவிடும், கல்லில் பட்டுக் கீறிவிடும் என்ற பயத்தில்தான் மூடி வாங்குகிறோம். ஆனால் முன்வில்லை ஸ்கோப்பின் உலோக விளிம்பிலிருந்து சில மில்லிமீற்றர் உள்ளே தள்ளியே பொருத்தப்பட்டிருப்பதால் நேரடி அடி அதில் விழுவது அரிது. வில்லைகளை உண்மையில் பழுதாக்குவது நாமே அவற்றைத் துடைப்பதுதான். தூசி படிந்த, மழைத்துளி விழுந்த, மூச்சுப் படர்ந்த வில்லையை அவசரத்தில் சட்டை நுனியாலோ கம்பளிக் கையுறையின் பெருவிரலாலோ துடைக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் மேற்பூச்சு கொஞ்சம் தேய்கிறது. ஆகவே ஒரு மூடியின் மதிப்பை அது எவ்வளவு பலமானது என்பதைக் கொண்டல்ல, ஒரு பருவத்தில் எத்தனை துடைப்புகளை அது தேவையற்றதாக்குகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த மேற்பூச்சு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பிலும் அதில் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் தெறித்துத் திரும்பிவிடுகிறது. ஒரு ஸ்கோப்புக்குள் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் மேற்பரப்புகள் 12 இருப்பதாக வைத்துக்கொண்டால், பூச்சு எதுவுமே இல்லாதபோது கண்ணை வந்தடைவது நுழைந்த ஒளியில் 61 சதவீதம் மட்டுமே. ஜேர்மனியில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935 இல் உருவாக்கிய தெறிப்புத் தடுப்புப் பூச்சும், அதன் வழியில் பின்னர் வந்த பல்லடுக்குப் பூச்சுகளும்தான் இந்த நிலையை மாற்றின. ஒரு மேற்பரப்பில் இழப்பு அரைச் சதவீதமாகக் குறைந்தால், அதே 12 மேற்பரப்புகளைக் கடந்து 94 சதவீத ஒளி வந்துசேரும். இப்படியான பூச்சில் ஓர் அடுக்கின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. வீதிப் புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடியின் கடினம் அதற்கும் கீழே. செம்மண் பாதையில் பிக்கப் வாகனத்தின் பின்னால் வந்த ஸ்கோப்பை விரலால் துடைப்பவர், மணற்காகிதத்தால் அதைத் தடவுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

இரண்டு முனைகளில் எதற்கு மூடி அதிகம் தேவை என்று கேட்டால், பெரும்பாலானோர் முன்வில்லையைத்தான் காட்டுவார்கள். பெரிதாக, பளபளப்பாக, முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பது அதுவே. ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 40 மில்லிமீற்றர் முன்வில்லையும் 9 மடங்கு பெருக்கமும் கொண்ட ஒரு ஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். முன்வில்லையின் பரப்பு சுமார் 1,257 சதுர மில்லிமீற்றர். அதில் ஒரு சதுர மில்லிமீற்றர் அழுக்கு இருந்தால் மறைபடுவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கண்வில்லையிலிருந்து வெளியேறும் ஒளிக்கற்றையின் விட்டம் 40 ஐ 9 ஆல் வகுத்தால் கிடைக்கும் 4.4 மில்லிமீற்றர்தான். அதே அளவு அழுக்கோ நீர்த்துளியோ அங்கே இருந்தால், காட்சியின் அந்தப் பகுதிக்குரிய ஒளியில் 6 சதவீதத்துக்கும் மேல் மறைக்கப்படுகிறது. துளி பெரிதாக இருந்தால் அந்த இடத்தில் மான் வெறும் கலங்கலாகவே தெரியும். அதோடு மழையில் நடக்கும்போது குழலுக்குள் நீர் போகாமலிருக்கப் பலர் துப்பாக்கியின் வாய் நிலத்தைப் பார்க்கும்படி தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது வானத்தைப் பார்த்தபடி மழையை ஏந்திக்கொள்வது கண்வில்லைதான். ஒரே ஒரு மூடிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் அதைக் கண்வில்லைக்கு வாங்குங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

மூடியே வேண்டாம் என்ற தெரிவையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கூரையிட்ட சுடுதளத்தில் மட்டும் இலக்குச் சுடுபவர், துப்பாக்கியை உறையில் கொண்டுபோய் மேசையில் வைத்துச் சுட்டு, மீண்டும் உறையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுவருபவர், மூடிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் வனவிலங்கு வாழும் இடங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து, மறுநாள் சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்புவரை துப்பாக்கி வெற்றாக்கப்பட்டு உறைக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே எல்லோரிடமும் ஏதோ ஒரு உறை ஏற்கெனவே இருக்கிறது. பயணத்தின் பெரும் பகுதியில் ஸ்கோப் அதற்குள்தான் இருக்கிறது. வறண்ட, தெளிந்த நாட்களில் மட்டும், அதுவும் வயல் ஓரத்தில் அமர்ந்து வேட்டையாடுபவருக்கும் மூடியால் கிடைக்கும் நன்மை சிறிதே. மூடி என்பது ஈரத்துக்கும் புழுதிக்கும் அடர்ந்த பற்றைக்காட்டுக்கும் உரிய பொருள்.

அப்படியான இடத்துக்குப் போகிறவர் முன்னால் மூன்று தெரிவுகள் முக்கியமாக இருக்கின்றன.

முதலாவது, இரண்டு கிண்ண வடிவ மூடிகளை இறப்பர் பட்டியால் இணைத்த இரட்டை மூடி. விலை மிகக் குறைவு. ஸ்கோப்பின் விட்டத்தைத் துல்லியமாக அளக்கத் தேவையில்லை. எந்தப் பொறிமுறையும் இல்லாததால் குளிரில் உடைவதற்கும் ஒன்றுமில்லை. ஒரே இழுப்பில் இரு முனைகளும் திறந்துவிடும் என்பது இதன் உண்மையான பலம். மான் பற்றையிலிருந்து வெளியே வந்து நிற்கும் சில விநாடிகளில் ஓர் அசைவு போதும் என்பது சிறிய விடயமல்ல. நானும் சில பருவங்கள் இதைத்தான் பாவித்தேன். இதன் குறை திறந்த பிறகுதான் தெரியவரும். கழற்றிய மூடி சட்டைப்பைக்குள் போகிறது, அங்கேயே இருந்துவிடுகிறது. காலையில் ஒரு சத்தம் கேட்டுக் கழற்றியதை மீண்டும் மாட்ட வேண்டும் என்ற எண்ணம் கைகள் விறைத்திருக்கும்போது வருவதில்லை. ஒரு நாள் முழுவதும் பனியில் நடந்து திரும்பியபோது, மூடி என் பையிலும் பனி என் கண்வில்லையிலும் இருந்தன. அதன் பிறகு ஒரு மெல்லிய கயிற்றால் அதைத் துப்பாக்கிப் பட்டியோடு கட்டிப் பார்த்தேன். தொலையாமல் இருந்ததே தவிர, திரும்ப மாட்டும் பழக்கம் வரவில்லை.

இரண்டாவது, சுருள்வில்லின் உதவியால் விரலால் தட்டியதும் நிமிர்ந்து திறக்கும் மடக்குமூடி. இது ஸ்கோப்பிலேயே இருப்பதால் திறந்ததை மூடுவதற்கு ஒரு விரல் போதும். உண்மையில் மூடப்படுகிற மூடி இதுதான் என்பதாலேயே நான் இதன் பக்கம் சாய்கிறேன். இதில் இரு வகை உண்டு. பிளாஸ்ரிக்கில் செய்து, ஸ்கோப்பின் வெளிவிட்டத்தின் மேல் இறுக்கமாக ஏற்றப்படுவது ஒன்று. அலுமினியத்தில் செய்து, முன்வில்லையின் விளிம்பிலுள்ள புரியில் திருகிப் பூட்டப்படுவது மற்றொன்று. பிளாஸ்ரிக் வகை மலிவானது, இலேசானது, ஆனால் பூச்சியத்துக்குக் கீழே வெப்பநிலை போகும்போது அதன் கீல் உடையும் தன்மை பெறுகிறது. பற்றைக்குள் நடக்கையில் ஒரு கொடி அதைப் பிடித்து இழுத்தால் முழு மூடியும் சத்தமில்லாமல் கழன்று காட்டிலேயே தங்கிவிடும். நான் பாவித்த முதலாவது பிளாஸ்ரிக் மூடியின் கீல் இரண்டாவது பருவத்தில் முறிந்தது. அலுமினிய வகை பல மடங்கு விலை. ஆனால் கழன்று விழாது. அதை வாங்குவதற்கு முன் உங்கள் ஸ்கோப்பில் புரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலிவான ஸ்கோப்புகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

மடக்குமூடியைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில, பெட்டியின் மேல் எழுதியிராதவை. திறந்த மூடி செங்குத்தாக நின்றால் காற்றையும் கிளையையும் பிடிக்கும். எனவே முன்மூடியை இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ சாய்த்துத் திறக்கும்படி திருப்பிவைப்பது நல்லது. கண்வில்லை மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ற் துப்பாக்கியில் கைப்பிடியை மேலே தூக்கும்போது அது மூடியில் முட்டினால் இரண்டாவது தோட்டாவை ஏற்ற முடியாமல் போகும். சில ஸ்கோப்புகளில் பெருக்கத்தை மாற்றும்போது கண்பகுதி முழுவதுமே சுழல்கிறது. அப்போது 3 மடங்கில் மேல்நோக்கித் திறந்த மூடி 9 மடங்கில் பக்கவாட்டில் வந்து நிற்கும். கடைசியாக, அது திறக்கும் சத்தம். அமைதியான காட்டில் சுருள்வில்லின் சிறு ‘டிக்’ ஒலி மானின் காதுக்கு எட்டும் தூரம் நாம் நினைப்பதைவிட அதிகம். விரலால் தட்டிவிடாமல், மூடியின் மேல் பெருவிரலை வைத்தபடியே மெதுவாக எழவிடப் பழகிக்கொண்டால் இது ஒரு குறையாகாது.

மூன்றாவது, ஸ்கோப் முழுவதையும் ஒரு காலுறை போல மூடும், நியோபிரீன் என்ற மெத்தென்ற செயற்கை இறப்பரால் ஆன உறை. வில்லைகளை மட்டுமல்ல, குறியைச் சரிசெய்யும் குமிழ்களையும் இது காக்கிறது. வாகனத்தில் குலுங்கும்போதும், பாறையில் சாய்த்து வைக்கும்போதும் இதைவிடச் சிறந்த மெத்தை இல்லை. ஆனால் வேட்டையின்போது இதைக் கழற்றுவதற்கு நேரமும் இரண்டு கைகளும் வேண்டும். ஈரமானபின் அதை அப்படியே விட்டுவிட்டால், ஸ்கோப்பின் அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், அதைப் பிடித்திருக்கும் வளையங்களின் உருக்குத் திருகாணிகள் துருவேறும். இதை நான் பயணத்துக்கான பொருளாகவே கருதுகிறேன். வீட்டிலிருந்து காட்டோரம்வரை நியோபிரீன் உறை, அங்கே அதைக் கழற்றிய பிறகு மடக்குமூடி என இரண்டையும் சேர்த்துப் பாவிப்பது கூடுதல் செலவாகத் தோன்றலாம். ஆனால் புழுதி அதிகம் படிவது வாகனத்தில்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒளிபுகும் மூடி என்று ஒன்று விற்கப்படுகிறது; திறக்காமலேயே அதனூடாகப் பார்த்துச் சுடலாம் என்பார்கள். இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரு முனைகளிலும் பூச்சில்லாத ஒரு தகட்டைச் சேர்த்தால் நான்கு புதிய மேற்பரப்புகள் வருகின்றன. மேலே சொன்ன கணக்கின்படி அதனால் மட்டும் சுமார் 15 சதவீத ஒளி போய்விடும். மான்கள் அதிகம் நடமாடுவது விடியற்காலையின் அரைவெளிச்சத்திலும் பொழுது சாயும் நேரத்திலும். ஒன்ராறியோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்வரை சுடுவதற்கு அனுமதி இருக்கிறது. நல்ல பூச்சுக்காக நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்துவிட்டு, அந்த ஒளி மிகவும் தேவைப்படும் வேளையில் அதை ஒரு பிளாஸ்ரிக் தகட்டிடம் திருப்பிக் கொடுப்பது எந்த வகையிலும் பொருத்தமில்லை. தட்டையாகச் செய்யப்படாத தகடு உருவையும் சற்றுக் கலங்கச் செய்கிறது. பெருக்கம் கூடக் கூட அது தெளிவாகத் தெரியும். ஸ்கோப்பின் முன்முனையில் மாட்டும் தேன்கூட்டு வலை, வெயில்மறைப்புக் குழல் ஆகியவை வில்லையின் மினுக்கத்தையும் பக்கவொளியையும் தடுப்பதற்கானவை. மழையைப் பற்றிய கேள்விக்கு அவை விடையல்ல.

மூடியால் வரும் தீமை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நனைந்த வில்லையின் மேல் மூடியைப் போட்டால் ஈரம் உள்ளே சிறைப்படுகிறது; இரவில் அது உறைந்தால், காலையில் மூடியைத் திறக்கும்போது வில்லையின் மேல் ஒரு பனிக்கட்டிப் படலம் காத்திருக்கும். இன்றைய ஸ்கோப்புகள் நைதரசனோ ஆகனோ நிரப்பி அடைக்கப்பட்டவை. ஆகவே உள்ளே மூடுபனி படியாது. ஆனால் வெளிப்புறத்தில் படிவதை எந்த வாயுவும் தடுக்காது. குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அறைக் காற்றின் ஈரம் முழுவதும் அதன் உலோகத்திலும் கண்ணாடியிலும் படிகிறது. அதனால் உறைக்குள்ளேயே வைத்து மெதுவாக வெப்பமடைய விட்டு, பிறகு திறந்து, மூடிகளையும் கழற்றி உலரவிட வேண்டும். நீண்ட நாள் வைத்திருக்கும்போது இறுக மூடிவைப்பது ஊரின் காலநிலையில் கேடானதும்கூட. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் தோற்பெட்டிக்குள் மூடியோடு வைத்திருந்த பழைய தொலைகாட்டி ஒன்றின் வில்லைகளில், சில மாரிகாலங்கள் கழிந்தபின் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கனடாவில் குளிர்காலத்து வீடுகள் வறண்டிருப்பதால் அந்த ஆபத்து குறைவு என்றாலும், ஈரமான நிலவறையில் துப்பாக்கிப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு பொதி சிலிக்கா ஜெல்லை உள்ளே வைத்துவிடுவது நல்லது.

மூடி எவ்வளவு நல்லதாயினும் துடைக்க வேண்டிய நாள் வரும். அப்போது முதலில் காற்றூதியாலோ மென்மையான தூரிகையாலோ மணலை அகற்றி, அதன் பின்னரே வில்லைக்கான திரவத்தை நுண்ணிழைத் துணியில் நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். மூடியின் உட்புறத்தையும் இடைக்கிடை கழுவ வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திறந்திருந்தபோது அதில் சேர்ந்த மணலும் இலைத்தூளும், அதை மூடியதும் நேராக வில்லையில் கொட்டுகின்றன.

மூடிக்கு ஆதரவாக நான் சொல்ல விரும்பும் இன்னொரு காரணத்துக்கு வில்லையோடு தொடர்பே இல்லை. எனக்கு அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஸ்கோப் துப்பாக்கியின் மேல் இருக்கிறது. அதனூடாக எதைப் பார்த்தாலும் குழலும் அதையே பார்க்கிறது. காட்டில் தூரத்தில் ஏதோ அசைகிறது, மானா மனிதரா என்று அறிவதற்காகத் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப்பால் பார்ப்பது மிக ஆபத்தான பழக்கம். செம்மஞ்சள் மேலாடை அணிந்த இன்னொரு வேட்டைக்காரர் அங்கே நின்றிருக்கலாம். இருகண் தொலைகாட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதனால் பார்த்து உறுதிசெய்த பின்னரே துப்பாக்கியைத் தூக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் திறந்த ஸ்கோப் கையருகில் இருக்கும்போது அதை மறப்பது எளிது. மூடிய ஸ்கோப் மறக்க விடாது. அதைத் திறப்பதற்கு ஒரு கணம் தேவைப்படுகிறது என்று குறை சொல்பவர்களுக்கு, அந்தக் கணம் இருப்பதே நல்லது என்பது என் பதில். ஒளிபுகும் மூடியை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஈரத்திலும் பற்றையிலும் வேட்டையாடுபவருக்கு மூடி கட்டாயம் பயன் தருகிறது என்றும், அதற்கு ஒளிபுகாத மடக்குமூடியே முதல் தெரிவு என்றும் நான் கருதுகிறேன். புரி இருந்தால் முன்முனைக்கு அலுமினிய வகை. இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் வகையை வாங்கி, பையில் ஒரு இரட்டை மூடியை மாற்றாக வைத்துக்கொள்ளலாம். செலவைப் பிரிக்க வேண்டியிருந்தால் கண்முனைக்கு நல்லது, முன்முனைக்கு மலிவானது.

வாங்கும் முன் வேர்னியர் இடுக்கியால் ஸ்கோப்பின் இரு முனைகளின் வெளிவிட்டத்தையும் அளந்துகொள்ள வேண்டும். பெட்டியில் 40 என்று எழுதியிருப்பது வில்லையின் அளவே. அதைச் சூழ்ந்த உலோகத்தின் வெளிவிட்டம் அதைவிடச் சில மில்லிமீற்றர் கூடுதலாக இருக்கும், ஏற்றும் வகை மூடிகள் அந்த வெளிவிட்டத்துக்கே செய்யப்படுகின்றன. பொருத்திய பிறகு ஒரு கடதாசித் துண்டை மூடியின் அடிப்பகுதிக்கும் குழலுக்கும் இடையே நுழைத்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்தியிருந்தால் மூடியின் தடிப்பே குழலைத் தொடக்கூடும். தொட்டால் தோட்டா படும் இடம் மாறும். கடதாசி எங்காவது சிக்கினால், உயரமான வளையங்களை மாற்றிப் பொருத்தி, சுடுதளத்துக்குப் போய்க் குறியை மீண்டும் சரிசெய்த பின்னரே காட்டுக்குப் போக வேண்டும். சுடுதளத்தில் இருக்கும்போதே கையுறையைப் போட்டுக்கொண்டு, கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமல் இரு மூடிகளையும் இருபது தடவையாவது திறந்து மூடிப் பழகிக்கொள்ளுங்கள்.